நாலு கை கேட்கும் லென்ஸ்

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகளுக்கு மாமனார் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நலம், அத்தை நலம். உன் வீட்டுக்காரனும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அங்கே சம்பந்தியையும் சம்பந்தியம்மாளையும் நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். நீ அம்மா வீட்டுக்குப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். உன்னை வா என்று அழைக்க இதை எழுதவில்லை. நன்றாக ஓய்வெடு. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் விஷயத்தில் தப்பு முழுக்க உன் வீட்டுக்காரன்மேல்தான். பெற்ற பிள்ளை என்று நான் பூசி மெழுக மாட்டேன். நீங்கள் எடுக்கிற கல்யாண வீடியோ சினிமா மாதிரி அகலமாக இருக்கவேண்டும், விளக்கைக் காட்டினால் நீலக் கோடு இழுக்கவேண்டும், அதற்கு அனமார்ஃபிக் லென்ஸ்தான் வேண்டும், அதுவும் நம் கைக்கு எட்டுகிற விலையில் வேண்டும் என்று இருவரும் மூன்று மாதம் அலசினீர்கள். நீ என்ன சொன்னாய்? "சின்னதா, புதுசா, ஒரே வளையம் இருக்கறதா வாங்குவோம். கொஞ்சமாத்தான் அகலமாகும், ஆனா ஒரு ஆளே எடுக்கலாம்" என்றாய். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் தலையாட்டினோம். மறுநாள் வீட்டுக்கு வந்து இறங்கியது என்ன? ஏதோ தியேட்டர் மெஷினிலிருந்து கழற்றிய பழைய இரும்புக் குண்டு. முன்னால் மாட்டுகிற அதில் ஒரு வளையம், பின்னால் கேமராவோடு இருக்கிற லென்ஸில் ஒரு வளையம், இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே தூரத்துக்குத் திருப்பினால்தான் முகம் தெளியும். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று நீ கேட்டதற்கு அந்த மடையன் வாயே திறக்காமல் நின்றான். அதுதானே உனக்குப் பொறுக்கவில்லை? எனக்கும் பொறுக்கவில்லை. நான் அப்போதே அவனிடம் சொன்னேன், மருமகள் பேச்சைக் கேளடா என்று.

நாற்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் நான். சிலிண்டர் பவர் என்று ஒன்று உண்டு. கண்ணுக்கு உருவம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரிந்தால் அதைச் சரிசெய்யப் போடுகிற கண்ணாடி. இந்த அனமார்ஃபிக் என்பது அதே ஜாதிக் கண்ணாடிதான், ஆனால் தலைகீழ் வேலைக்கு. நான் ஆயுசு முழுக்கச் சரிசெய்த கோளாறை என் பிள்ளை ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கியிருக்கிறான்.

நீ போன பிறகு முன்வளையம் திருப்ப ஆள் வேண்டுமே. முதலில் அத்தையைக் கேட்டான். "எனக்குத் திருப்ப அடுப்புல நாலு திருகு இருக்கு, போடா" என்றுவிட்டாள். மாட்டிக்கொண்டவன் நான். போன ஞாயிறு ஒரு கல்யாண வரவேற்பு. அவன் பின்வளையத்தைப் பிடித்துக்கொண்டு "மூணு! நாலு! அப்பா, நாலுல நில்லுங்க! இப்ப அஞ்சு!" என்று கத்துகிறான், நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி எண்ணைத் தேடி அஞ்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளை சாப்பிடப் போய்விட்டார். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, "இங்க எதைங்க ஏலம் விடுறீங்க?" என்று கேட்டார். அதோடு போயிற்றா? லென்ஸைக் கோணலாக மாட்டியிருக்கிறான், பெண்ணும் மாப்பிள்ளையும் திரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறார்கள். கண்ணாடி நிற்கிற கோணத்தை எங்கள் தொழிலில் ஆக்சிஸ் என்போம். "ஆக்சிஸ் பத்து டிகிரி தப்புடா" என்று பார்த்தவுடனே சொன்னேன். "அப்பா, இது கண் ஆஸ்பத்திரி இல்ல" என்றான். திருகிப் பார்த்தான், பத்து டிகிரியேதான். அதற்கு ஒரு நன்றி உண்டா?

அடுத்து பெண்ணின் சித்தி. இந்த லென்ஸில் எடுத்தவுடன் எல்லோரும் ஒட்டடைக்குச்சியாகத்தான் தெரிவார்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் இழுத்து விரிக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும், அந்த அம்மாளுக்குத் தெரியுமா? கேமராவின் சின்னத் திரையில் தன்னைப் பார்த்துப் பூரித்துப்போய், சொந்தக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நேற்று விரித்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இது யாரு?" என்கிறார். "நீங்கதாம்மா." "அப்ப அன்னிக்குப் பாத்தேனே, அவ எங்க?" ஊரே ஒட்டடைக்குச்சியாக இருந்தாலும் பரவாயில்லை, தனக்கு அந்தப் படம்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கோ விரித்த படம்தான் வேண்டும், ஆனால் அதில் கிட்டத்தில் எடுத்த இடத்திலெல்லாம் மாப்பிள்ளைக்குப் பல்வலி வந்ததுபோலக் கன்னம் உப்பியிருக்கிறது. அதுவும் நம் லென்ஸின் கைங்கரியம்தானாம்.

வருகிற சனிக்கிழமை தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணம். நீ பேசிப் பிடித்த வேலை. நேற்று அவர் போனில், "உங்க வீட்டம்மா வருவாங்கல்ல? அவங்க எடுத்தாத்தான் எங்களுக்குத் திருப்தி" என்றார். "வருவா சார்" என்று சொல்லிப் போனை வைத்த உன் வீட்டுக்காரன், அந்த முன்வளையத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஆனாலும் உன்னை வரச் சொல்லவில்லை. பேச ஆளில்லாமல் அத்தை நாள் முழுக்க என்னைப் பிடித்துக்கொள்கிறாள், மூன்று பேரும் மூன்று மூலையில் சாப்பிடுகிறோம், வீடு வீடாக இல்லை. இதெல்லாம் உன் தகவலுக்காக மட்டும்.

சம்பந்திக்கு என் வணக்கம். நீ உடம்பும் மனசும் தெளிந்து, தொட்ட படமெல்லாம் துலங்கி, நீண்ட நாள் நன்றாயிருக்க வாழ்த்தும்,
மாமா.

பி.கு.: உறையில் போட்டு ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். மருமகள் பேச்சைக் கேளடா என்று அவனிடம் சொன்னதாக மேலே எழுதிய வரி பொய், அது போனால் மற்றதும் நிற்காது. அன்று அவன் நீ சொன்ன லென்ஸை வாங்கத்தான் புறப்பட்டான். கூடப் போனவன் நான். உன் லென்ஸைக் கையில் தூக்கிப் பார்த்து, "என்னடா இது, பஞ்சு மாதிரி இருக்கு? நாப்பது வருஷம் கண்ணாடி பாத்தவன் சொல்றேன், அந்தப் பெரிசை எடு" என்று கடைக்காரர் முன்னால் சத்தம் போட்டேன். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்பா" என்றான். "அப்ப என் பேச்சுக்கு மதிப்பு அவ்வளவுதானா?" என்றேன். நீ கேட்டபோது அவன் வாய் திறக்காமல் நின்றது என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான். பக்கத்திலேயே நின்ற நானும் வாய் திறக்கவில்லை. இந்தப் பன்னிரண்டு நாளில் அவன் என்னை ஒரு சொல் குத்திக்காட்டவில்லை அம்மா. நீ திட்டவேண்டிய ஆள் நான்தான். கடிதத்தில் திட்டாதே, எனக்கு உறைக்காது. நேரில் வந்து திட்டு.