எட்டு ஜிபிக்கு எத்தனை பிளாப்பி?

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. கொஞ்ச நாள் முன்புவரை அதில் தண்ணீரும் இருந்தது. கரையோர மருதமரத்தில் கூடு கட்டியிருந்த நாரை வடிவாம்பாளுக்கு அப்போதுதான் குஞ்சுகள் பொரித்திருந்தன. அவை மீன் கேட்டு வாயைப் பிளந்துகொண்டே இருந்தன. குளத்தில் சேறுதான் மிச்சம்.

காரணம் காட்டுக்கே தெரியும். குளத்துக்கு வரும் வாய்க்காலின் கரையை நரி சிங்காரம் வெட்டி, தண்ணீரைத் தன் மீன்பண்ணைக்குத் திருப்பிவிட்டிருந்தான். கேட்டால், "மழையில தானா உடைஞ்சுது" என்றான். அந்த வருஷம் மழையே பெய்யவில்லை.

வடிவாம்பாள் சும்மா விடவில்லை. அவன் மண்வெட்டியோடு கரையை வெட்டியதை மரத்தின் மேலிருந்து செல்போனில் முழுதாகப் படம் பிடித்திருந்தாள். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காட்டின் வழக்கு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி கரடி ஏகாம்பரம்.

"எவ்வளவு சாட்சியம் வச்சிருக்கே?" என்றார் கரடியார்.

"எட்டு ஜிபி ஐயா."

"அந்தக் கணக்கெல்லாம் இங்க செல்லாதும்மா. சட்டம் எழுதின காலத்துல கம்ப்யூட்டர்ல சொருகுற பிளாப்பிதான். சதுரமா, தட்டையா, சட்டைப் பையில வைக்கிற மாதிரி இருக்குமே, அது. எட்டு ஜிபின்னா எத்தனை பிளாப்பி?"

வடிவாம்பாள் செல்போனில் கணக்குப் போட்டாள். "ஐயாயிரத்து எழுநூறுகிட்ட வருது ஐயா."

கரடியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஐயாயிரமா! நேத்து ஒரு முயல் ரெண்டே ரெண்டு பிளாப்பியோட வந்து நியாயம் கேட்டுது. இதுவல்லவா வழக்கு!"

"அவ்வளவும் இதுக்குள்ளதான் ஐயா இருக்கு. ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்களேன்."

கரடியார் பென் டிரைவை நகத்தில் தூக்கி, இப்படியும் அப்படியும் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"உண்மை இவ்வளவு சின்னதா இருக்காதும்மா. போய் பிளாப்பியாக் கொண்டு வா."

கூட்டுக்குத் திரும்பிய வடிவாம்பாள் குஞ்சுகளைப் பார்த்ததும் அழுதேவிட்டாள். பக்கத்துக் கிளையில் இருந்த கூழைக்கடா பொன்னம்பலம் விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கா அழுறே? டவுனுக்கு வெளியே குப்பைமேட்டுல பிளாப்பி மூட்டை மூட்டையாக் கிடக்கு. எங்க ஜனத்துக்கு வாய் எதுக்கு இருக்கு?"

"அண்ணே, படத்தை அதுல ஏத்த மிஷின் வேணுமே?"

"ஏத்திக் கொண்டு வரச் சொன்னாரா, சும்மா கொண்டு வரச் சொன்னாரா?"

வடிவாம்பாள் யோசித்தாள். "கொண்டு வரத்தான் சொன்னார்."

"அப்புறம் என்ன?"

கூழைக்கடாக்கள் கூட்டமாகப் பறந்தன. தாடைப்பை நிறைய பிளாப்பியை அள்ளி வந்து அலுவலகத்தில் கொட்டின. அறை நிறைந்தது. கரடியாரின் நாற்காலி வாசலுக்கு வந்தது. பிறகு கரடியாரும் வந்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் உள்ளே உட்கார இடமில்லை. சட்டத்தைப் புரட்டினார். அலுவலகத்தில் அடங்காத சாட்சியத்தைச் சம்பவம் நடந்த இடத்திலேயே வைக்கலாம் என்று இருந்தது.

"சம்பவம் எங்கே?"

"வாய்க்கால் உடைப்புல ஐயா."

"அங்கேயே கொண்டுபோய்ப் போடுங்க."

கூழைக்கடாக்கள் அப்படியே போட்டன. சரசரவென்று சரிந்த பிளாப்பிகள் உடைப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. சந்துகளில் சேறு புகுந்து இறுகியது. தண்ணீர் வந்து முட்டியது, சற்றுத் தயங்கியது, பழைய வழியே குளத்துக்குத் திரும்பியது.

சிங்காரம் மூச்சிரைக்க ஓடிவந்தான். "என் பண்ணை காயுது! இதை வாரி எறியப்போறேன்!"

"சாட்சியத்தைத் தொட்டா உள்ளே போட்டுடுவேன்" என்றார் கரடியார். "விசாரணை முடியட்டும்."

"இப்பவே முடிங்க! அந்தப் பென் டிரைவைப் போட்டுப் பாருங்க. நான் வெட்டுறது கண்ணாடி மாதிரித் தெரியும். இந்தா, நானே ஒத்துக்கிறேன், நான்தான் வெட்டினேன்!"

"உன் வாய்ச்சொல் எத்தனை பிளாப்பி வரும்?"

சிங்காரம் விரல்விட்டு எண்ணப் பார்த்தான்.

"அரை பிளாப்பிகூடத் தேறாது" என்றார் கரடியார். "இதையெல்லாம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு."

"போட்டுப் பார்க்க மிஷின் எங்கே?"

"கேட்டு எழுதியிருக்கோம். வரும்."

வழக்கு இன்னும் நடக்கிறது. சிங்காரம் தினமும் அலுவலகத்துக்கு வந்து, தன்னைக் குற்றவாளி என்று சீக்கிரம் தீர்ப்புச் சொல்லும்படி கெஞ்சிவிட்டுப் போகிறான். குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வடிவாம்பாள் குஞ்சுகளுக்குக் கெண்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

நீதி: உண்மை வென்றே ஆகவேண்டும் என்பதில்லை, வழியை அடைத்துக்கொண்டு கிடந்தாலே போதும்.