டோரதிக்கு இன்று என்ன கோளாறு?

"சார், டோரதி ஒரு பக்கமா சாயறா சார்."

ஞாயிறு பூசை முடிந்து அப்பாவுக்குத் தட்டில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஜூலியட் நிமிர்ந்து பார்த்தாள். சாந்தோம் வீட்டு வாசலில், லுங்கியை மடித்துக் கட்டியபடி தணிகாசலம் நின்றிருந்தார். பட்டினப்பாக்கத்து மீனவர். டோரதியைக் கடலுக்கு ஓட்டிப் போகிறவர் அவர்தான்.

டோரதி என்பது ஒரு ஃபைபர் படகு. ஜூலியட்டின் அம்மா பெயரும் அதுதான். அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. படகு மட்டும் இன்னும் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்?" என்று அப்பா பிரகாசம் இட்லியை விட்டுவிட்டு எழுந்தார்.

"வலப் பக்கம் சார்."

"நேத்து இடப் பக்கம்னு சொன்னியே?"

"அது நேத்து சார்."

"மணல்ல நிறுத்தி வச்ச படகு எப்படிங்க சாயும்?" என்றாள் ஜூலியட்.

"அதான் மேடம் எங்களுக்கே புரியல" என்றார் தணிகாசலம், அவளைப் பார்க்காமல்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது ஜூலி. நீ உள்ள வா தணிகா, உக்காரு. காபி போடறேன். முதல்லேருந்து நிதானமா சொல்லு."

தணிகாசலம் உட்கார்ந்தார். நிதானமாகத்தான் சொன்னார். ஒரு படகு வலப் பக்கமாகச் சாய்வதைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று ஜூலியட் நினைத்ததே இல்லை. மத்தியானம் அடையாறு திரும்பி வீட்டு வேலையைப் பார்க்க வேண்டியவள், அப்பாவோடு நாலு வார்த்தை பேசாமலே கிளம்ப வேண்டியதாயிற்று.

பிரகாசம் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஜன்னல் வழியாகக் கப்பலைப் பார்த்தாரே தவிர, ஒரு தோணியில்கூடக் காலை வைத்ததில்லை. அந்த ஏக்கத்தில், ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் படகை வாங்கிவிட்டார். பங்குத்தந்தை வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மனைவியையும் மகளையும் கரையில் நிறுத்திவிட்டு, பிரகாசம் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்தார். கரையை விட்டது முதல் திரும்பக் கரை சேரும்வரை வாந்தி எடுத்தார். அம்மா சிரித்த சிரிப்பில் மீன் விற்கிற பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். படகில் அவர் போனது அந்த ஒரு தடவைதான்.

"ஒரே ஒரு தடவை டாடி! அதுவும் வாந்தி!" மறுவாரம் போனில் ஜூலியட் ஆரம்பித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "ஒரு பொருள் வச்சிருந்தா அதுக்கு ஆகுற செலவு எவ்ளோ, அதால கிடைக்கிற சந்தோஷம் எவ்ளோன்னு பாக்கணும். மாசம் எவ்ளோ செலவாகுது அந்தப் படகுக்கு?"

"பாலும் காபிப் பொடியும்தான்மா."

அவர் கிண்டல் செய்கிறார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. "வித்துடுங்க டாடி."

"அந்தப் படகை என்னால விக்க முடியாது ஜூலி."

"ஏன், அம்மா பேரு வச்சதாலயா?"

யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார். இஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறதாம். என்ன சத்தம் என்று தணிகாசலம் வாயாலேயே செய்து காட்டிக்கொண்டிருப்பதைப் போன் அணையுமுன் அவளும் கேட்டாள்.

அவரைத் தன்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் அவள் பார்க்காமலில்லை. அம்மா போன புதிதில் அடையாறு ஃபிளாட்டுக்கு வந்தார். ஜூலியட்டும் அவள் கணவன் எரிக்கும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். அதுவரை டி.வி.யும் அவரும். எண்ணி மூன்று நாள் இருந்தார். "படகை யாரு பாத்துக்கறது?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் படகின் மேல் ஜூலியட்டுக்கு ஒரு சக்களத்தி ஆத்திரம்.

அவர் விற்காவிட்டால் என்ன, நாம் விற்றுவிடலாம் என்று துணிந்தாள். படகின் பழைய போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, 'எங்கள் தந்தையாரின் படகு அவசர விற்பனைக்கு' என்று எழுதிக் கோயில் பங்கு மக்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள். 'அவசர' என்ற சொல்லைச் சேர்த்தால் சீக்கிரம் விற்கும் என்று நினைத்தாள்.

படகு விற்கவில்லை. பிரகாசம் சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறார் என்ற செய்திதான் சாந்தோம் முழுக்கப் பரவியது. அடுத்த நாளே, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார்கள். அதே சபைக்குப் பல வருடம் பொருளாளராக இருந்து, பிறத்தியாருக்கு அரிசி கொடுத்தவர் பிரகாசம்.

ஜூலியட் பதறிப்போய்ப் போன் செய்தாள். "டாடி, சாரி. ரொம்ப அவமானமாப் போச்சா?"

"சே, சே. சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பேசிட்டுப் போனாங்கமா. அடுத்த வாரம் பருப்பு கொண்டு வர்றாங்களாம்."

அவர் குரலில் இருந்த உற்சாகம் அவளுக்குச் சற்றும் பிடிக்கவில்லை.

இனி பங்கு மக்களே வேண்டாம் என்று இணையத்தில் விளம்பரம் கொடுத்தாள். உபைத் என்ற இளைஞர் மாட்டினார். பெசன்ட் நகரில் ஹோட்டல் திறக்கப் போகிறார். வாசலில் நிஜப் படகு ஒன்றை வைத்து, அதற்குள் மேசை போட்டு மீன் வறுவல் பரிமாறுவது அவர் திட்டம். ஜூலியட் முகவரி கொடுத்து அனுப்பினாள்.

முதல் நாள், படகு கடலுக்குப் போயிருக்கிறது என்று பிரகாசம் அவருக்குக் காபி கொடுத்தார். இரண்டாம் நாள், பெயின்ட் காயவில்லை என்றார். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல், "தம்பி, அடியில ஓட்டை" என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு அங்கிள். மழைத் தண்ணி நிக்காம வடிஞ்சிடும்."

பேச்சை மாற்ற, பிரகாசம் துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பல் தரை தட்டிய கதையை எடுத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து உபைத் ஜூலியட்டுக்குப் போன் செய்தார். "அக்கா, படகு வேணாம்க்கா. அங்கிளுக்கு மனசு இல்ல, விட்டுடலாம்."

"அப்ப அங்க போக மாட்டீங்கல்ல?"

"நாளைக்குப் போறேன்க்கா. அந்தக் கப்பல் இன்னும் தரையிலதான் நிக்குது. மீதிக் கதையைக் கேக்கணும்."

ஜூலியட்டுக்கு நோயின் வேர் எங்கே என்று புரிந்துவிட்டது. தணிகாசலம்தான். அவர் தினமும் வந்து எதையாவது கிளப்பிவிடுவதால்தான் அப்பா அந்தப் படகையே கட்டிக்கொண்டு அழுகிறார். தணிகாசலத்தின் போன் எண்ணை வாங்கி நேராகவே பேசினாள்.

"இனிமே படகு விஷயமா எங்க வீட்டுப் படி ஏறாதீங்க. எதுவா இருந்தாலும் எனக்கு மெசேஜ் பண்ணுங்க."

"மேடம், அது வந்து… சார் கோச்சிக்குவாரு."

"அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பத்தாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. 'மேடம், டோரதி மேல காக்கா உக்காந்துகீது.'

'விரட்டுங்க' என்று பதில் அனுப்பினாள்.

'வெரட்டிட்டோம் மேடம். இப்ப வேற காக்கா.'

இந்த ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டதா, இல்லை இதற்கும் பணம் கேட்கப் போகிறாரா என்று ஜூலியட்டுக்கு விளங்கவில்லை. மெசேஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவிட்டு எண்ணை பிளாக் செய்தாள். கையோடு கையாக உபைத்துக்கும், அரிசிப் பெரியவர்களுக்கும், அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள்.

அப்புறம் ஒரே நிம்மதி. படகைப் பற்றிப் பேச்சே இல்லை. வாரம் முழுக்க அப்பா போனில், "ம்", "சாப்பிட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எரிக்கிடம் ஜூலியட் பெருமையடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. பிரகாசம் சவரம் செய்யாத முகத்தோடு வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசையில் இரண்டு டம்ளர் காபி, ஆறி ஆடை படிந்து போயிருந்தது.

"யாருக்கு டாடி ரெண்டாவது காபி?"

"சும்மாதான் போட்டேன்." பேசிப் பழக்கம் விட்டுப்போன மாதிரி அவர் குரல் கரகரத்தது. "வர்ற வழியில தணிகாவைப் பாத்தியா?"

"இல்லையே."

"டோரதிக்கு என்ன ஆச்சோ தெரியல. ஒண்ணுமே ஆகலையா என்னவோ."

பூசைக்குப் போகவில்லையா என்று கேட்டாள். போகவில்லை என்றார். சாப்பிட்டீர்களா என்றாள். அவர் வாசலை எட்டிப் பார்த்தார். அம்மா இறந்த வாரத்தில் அவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை வந்து போகிறோமே என்று ஜூலியட்டுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் சேர்த்துப் படகின் மேலேயே ஏற்றினாள். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன படகை நினைத்து வருகிற கவலை. அது அவர் பெயரில் இருக்கிற வரைக்கும் மனுஷன் தேறப் போவதில்லை. விற்கத்தானே முடியவில்லை? சும்மா கொடுத்துத் தொலைத்துவிடலாம்.

"இதோ வந்துடறேன் டாடி" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு விட்டாள்.

சாலையோரக் கடையில் தணிகாசலத்தின் மனைவி தேவானை வஞ்சிர மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பின்னால் மணலில் டோரதி நின்றாள். வலப் பக்கமும் சாயவில்லை, இடப் பக்கமும் சாயவில்லை. புது நீலப் பெயின்ட் வெயிலில் பளபளத்தது. காக்கா ஒன்றுகூட இல்லை. ஜூலியட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேவானைக்கா, நல்லாத்தானே இருக்கு படகு? அப்புறம் ஏன் எங்க டாடி உயிரை எடுத்தீங்க?"

தேவானை கத்தியைக் கீழே வைத்தாள். "உக்காரு கண்ணு. சாருக்கு ஒடம்பு இன்னா, நல்லா கீறாரா? அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டியாமே. எங்க வீட்டுக்காரு சோறு எறங்காம கெடக்கறாரு."

"அவர் நல்லா இல்ல. ஏங்கிப்போய்க் கெடக்கறாரு." சொல்லும்போதே ஜூலியட்டுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு வேலை பண்ணுங்க. படகை நீங்களே வச்சுக்குங்க. பைசா வேணாம், சும்மாவே எடுத்துக்குங்க. எங்க டாடியை மட்டும் விட்டுடுங்க."

தேவானை அவளை வினோதமாகப் பார்த்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எங்க படகை எங்களுக்கே குடுக்கறியா கண்ணு? உங்கம்மா தவறுன கையோட சார் அதை எங்களுக்கு வித்துட்டாரு, படகுல எது கெட்டாலும் மொதல்ல அவரு வூட்டாண்ட வந்து சொல்லணும்னு ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாரு. புது இஞ்சின் வாங்குனதுலேருந்து எதுவுமே கெட மாட்டேங்குது, தெனமும் இன்னாத்த போய் சொல்றதுன்னு தெரியாம நாங்கதான் முழிச்சிக்கினு கீறோம்!"