‘வேணாம்’ புரோக்கர் காட்டிய இரண்டு வீடுகள்

ராமநாதபுரத்தில் அப்போது நாற்பது வீட்டு புரோக்கர்கள் இருந்தார்கள் என்றால், முப்பத்தொன்பது பேர் வீடு பிடித்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள். மிச்சமிருந்த ஒருவர், வந்தவர்களை வீடு பிடிக்க விடாமல் துரத்தியே பிழைத்தார். அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் ரேஷன் கடைக்காரரே தலையைச் சொறிவார். ஊருக்கு அவர் ‘வேணாம்’ புரோக்கர்.

கக்கத்தில் குடை, சட்டைப் பையில் ஒரு பொட்டலம் துவரம் பருப்பு. இதுதான் அவருடைய ஆபீஸ். வீடு பார்க்கப் போனால் வாசல் எந்தத் திசை, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த வீட்டுத் தண்ணீரைப் பிடித்துப் பருப்பை வேக வைப்பார். காலி வீடென்றால் பக்கத்து வீட்டு அடுப்பு. எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பைத் தெரிந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள். அரை மணி நேரத்தில் பருப்பு குழையவில்லை என்றால் குடையை எடுத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்.

“வேணாம்.”

ஒரு தலைமை ஆசிரியர் அட்வான்ஸ் பணத்தை நீட்டிய நேரத்தில், குறுக்கே கையை விட்டுத் தடுத்திருக்கிறார். “சார், வேணாம். பக்கத்து வீட்டுக்காரரு காலையில அஞ்சு மணிக்குத் தொண்டையக் காற ஆரம்பிச்சாருன்னா ஏழு மணிக்குத்தேன் முடிப்பாரு. நானே மூணு நா ஒக்காந்து கேட்டேன்.”

வீட்டுக்காரர் குதித்தார். “ஏலே, கமிசன் தாறது நானு. நீ எனக்குப் பேசுறியா, அவருக்குப் பேசுறியா?”

“குடியிருக்கப் போறது அவருதானே.”

அவர் தெருவில் நுழைந்தால் வீட்டுக்காரர்கள் ‘வாடகைக்கு’ போர்டைக் கழற்றி உள்ளே வைத்த காலமும் உண்டு. அப்படியும் வீடு தேடுகிறவர்கள் அவரைத்தான் தேடினார்கள். நானும் தேடினேன்.

எனக்கு வேலை, பூச்சி மருந்து விற்பது. வாரத்தில் நாலு நாள் கமுதியிலும் சாயல்குடியிலும் மிளகாய்க் காட்டு வரப்பில் நிற்பேன். என் மனைவி செல்விக்கு அது ஐந்தாவது மாதம். அதற்கு முந்தைய வருஷம், ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த வாடகை வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டாள். நான் சாயங்காலம் வந்து கதவைத் தட்டும்வரை யாருக்கும் தெரியவில்லை. அந்தக் குழந்தை தங்கவில்லை. இந்த முறை அவளை எந்த வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்ற ஒரே கேள்விதான் எனக்கு. அவளுக்கு அம்மா இல்லை. என் அம்மாவோ மிளகாய் பழுக்கும்போது பிரம்மாவே கூப்பிட்டாலும் காட்டை விட்டு வரமாட்டாள்.

ஒத்திக்கு இரண்டு வீடுகள் வந்தன. ஒன்று பழைய கட்டடம். மொத்தமே ஆறு வீடு. உயரமான கூரை, தெற்கிலிருந்து நல்ல காற்று. பருப்பு பத்தே நிமிஷத்தில் வெந்தது. இன்னொன்று அப்போதுதான் கட்டி முடித்த நாலு மாடி அபார்ட்மென்ட், முப்பத்திரண்டு வீடு. லிப்ட் இருந்தது. சுவர்தான் இருந்தும் இல்லாத மாதிரி. குக்கர் விசிலடித்தால் மூன்று வீட்டுப் பெண்கள் அடுப்பை அணைக்க ஓடினார்கள். யார் வீட்டு விசில் என்று தெரிந்தால்தானே! அங்கே பருப்பு முக்கால் மணி நேரமாகியும் கல்லாகவே கிடந்தது.

“பழசுதாண்ணே. டாக்டர் அமைதியா இருக்கச் சொல்லியிருக்காரு” என்றேன்.

புரோக்கர் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. செல்வியை ஒரு தரம் பார்த்தார். “தம்பி, இதுக்குப் பருப்பு பத்தாது. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. நான் விழப் போறேன்.”

“எங்கண்ணே?”

“ரெண்டு படிக்கட்டுலயும்.”

மறுநாள் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தார். என்னைப் பழைய கட்டடத்து எதிர் டீக்கடையில் நிறுத்தி, என்ன ஆனாலும் கிட்டே வரக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உள்ளே போய்ப் படிக்கட்டிலிருந்து குடத்தை உருட்டிவிட்டார். ஊரே அதிர்ந்தது. “அய்யோ, அம்மா!” என்று ஒரு சத்தம் கொடுத்து, கீழ்ப்படியில் மல்லாந்தார்.

டீக்கடையில் எனக்கு இரண்டாவது டீ வந்தது. அங்கே ஒரு பூனை வந்து அவரை மோந்து பார்த்துவிட்டுப் போனது. இருபது நிமிஷம் கழித்துக் கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்தார். அப்பாடா என்று எழுந்தேன். பெரியவர் அவரைப் பார்த்தார், அசந்து தூங்குகிறார் என்று நினைத்தார் போலிருக்கிறது. எழுப்பிவிடாமல் கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டு, குனிந்த தலையோடு நகர்ந்து போனார். ரொம்ப நல்ல மனுஷர்.

“காலி வீடு போக மத்த நாலு வீட்டுல மூணு பூட்டிக் கெடக்கு. எல்லாரும் துபாயில” என்று முதுகைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார் புரோக்கர். “மிச்ச ஒரு வீட்டுல டிவி ஓடுது.”

அடுத்தது புது அபார்ட்மென்ட். அங்கே கேட்டுக்கு வெளியே நின்று திறந்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் குடம் உருண்ட சத்தம் அடங்குமுன் ஒன்பது கதவுகள் திறந்தன. கொஞ்சம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று அவர் கையைக் காலை ஒரு உதறு உதறியதுதான் தப்பாகப் போயிற்று.

“வலிப்பு! இரும்பக் குடுங்க, இரும்பு!”

வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். ஒரு வீட்டில் ஒரு சாவிக்கொத்து என்றால் போதும். முப்பத்திரண்டு வீடு என்றால்? சாவிகள் வந்தன. தோசைக்கல் வந்தது. கடப்பாரையை வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒரு அம்மாள் அரிவாள்மணையோடு வந்து அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். எல்லாரும் அக்கா என்ற அர்த்தத்தில் லாத்தா என்று கூப்பிடும் கீழக்கரைக்காரப் பாத்திமா “யா அல்லாஹ், இந்த மனுசனக் காப்பாத்து” என்று ஓதித் தண்ணீரை முகத்தில் தெளித்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல தாயீ, நல்லாத்தேன் இருக்கேன்!” என்று அலறினார் புரோக்கர்.

“வலிப்பு வந்தவுக அப்படித்தேன் சொல்லுவாக. தூக்குங்கப்பா!”

சத்தியத்தை மீறி நான் ஓடிப் போவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. உள்ளே அவரோடு ஐந்து பேர், பின்னால் இரண்டு பைக். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அரிவாள்மணை கிழித்த கட்டைவிரலுக்காக இன்னொரு கையில் ஊசி போட்டிருந்தார்கள். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று அவருக்குச் சர்க்கரையா ரத்தக்கொதிப்பா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் குனியச் சொன்னார். காதோடு சொன்னார்: “தம்பி, இத எடுங்க. தண்ணிய வெலைக்கு வாங்கிக்கிரலாம்.”

எடுத்தோம். முதல் மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. மேல்வீட்டில் கட்டில் நகர்ந்தால் எங்கள் கட்டிலே நகர்வது போலிருக்கும். அவரைத் திட்டாத நாளில்லை.

கர்ப்பத்தின் எட்டாம் மாதம் ஒரு மத்தியானம், நான் மாரியூர்ப் பக்கம் செல்போன் எடுக்காத ஒரு காட்டில் நின்றபோது, செல்விக்கு வலி வந்துவிட்டது. அவள் சுவரை இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறாள், அவ்வளவுதான். விஷயம் தெரிந்து நான் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் அபார்ட்மென்டில் பாதிப் பேர். பாத்திமா லாத்தா கையில் என் மகள். “கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்க முடியாது” என்றார் டாக்டர். அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

பத்தாம் நாள் புரோக்கர் குழந்தையைப் பார்க்க வந்தார். “நீங்க மட்டும் அன்னைக்கு விழலேன்னா…” என்று ஆரம்பித்தேன்.

“விடுங்க தம்பி.” குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். “எங்க வீடும் நல்ல வீடு. நல்ல காத்து, அக்கம்பக்கத்துல ஒரு சத்தம் கெடையாது. எம் பொஞ்சாதி கெணத்தடியில விழுந்தப்ப நான் ஒருத்தருக்கு வீடு காட்டப் போயிருந்தேன்.”

செல்விதான் கேட்டாள், “அண்ணே, இன்னும் அந்த வீட்டுலயா தனியா இருக்கீக?”

அவர் குடையைத் தேடினார். அது செல்வி கையில் இருந்தது.

எங்களுக்கு நேர் எதிர்வீடு அப்போது காலி. அதைக் காட்டியது நான். அவர் ஜன்னலைக் குறை சொன்னார், குழாயைக் குறை சொன்னார், எதிர்வீட்டில் கைக்குழந்தை அழும் என்றார். செல்வி எதையும் காதில் வாங்காமல் அந்த வீட்டில் பாலைக் காய்ச்சிவிட்டாள்.

பதினோரு வருஷம் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். தினமும் காலையில் அவர் வீட்டுத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் செல்வி எங்கள் அடுப்பைப் பற்ற வைப்பாள்.