மாமியார் தெரியாத திரை

தன் சொந்த வீட்டில், தன் சொந்த நாற்காலியில், இனி ஒருநாளும் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதில்லை என்று கசிவு சார் ஒரு மாலையில் சபதம் எடுத்தார். சபதம் எடுக்கும்போது சட்டை போட்டிருந்தார். கழற்ற வழியில்லை. எதிரே, கம்ப்யூட்டர் திரையில், மாமியார் இருந்தார்.

கசிவு சார் என்பது குழாய்த் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். செய்து முடித்த குழாய்களுக்குள் தண்ணீரை அழுத்தி விட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவரிடம் குறை கண்டுபிடிக்க மாமியார் தயாராக இருப்பார். அவர் இருந்தது ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில். ஆனால் கூடத்துக் கம்ப்யூட்டரின் தலையில் ஒரு கேமரா இருந்ததே, அது போதாதா?

மாமியார் பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுதி அவரை விட்டுவிட்டது. அவர்தான் விடுதியை விடவில்லை. பொழுது சாய்ந்ததும் திரையில் வந்து உட்காருவார். மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரியும் ஜன்னல் கம்பியில் என்ன தூசி என்பார். காலணிகளை ஏன் ஜோடி மாற்றிப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்பார். திரையைக் கொஞ்சம் சமையலறைப் பக்கம் திருப்பச் சொல்வார். செல்போனில் பேசலாமே என்று மருமகன் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். செல்போனில் குரல்தான் கேட்கிறது, வீடு தெரிவதில்லை என்று பதில் வந்தது. மாமனாரும் அந்தத் திரையில் உண்டு. மாமியாருக்குப் பின்னால், ஒரு தோள்பட்டை அளவுக்கு.

மனைவிக்கு அம்மா என்றால் உயிர். திரையில் அம்மா முகம் தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அம்மாவைக் கொஞ்ச நாள் இங்கே கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்காத மாதமில்லை. கேட்கும்போதெல்லாம் கசிவு சாருக்கு வீட்டில் வெள்ளையடிக்க வேண்டியிருக்கும், அல்லது மாடி அறையில் மழை ஒழுகும். கடைசியாக, "அதான் தினமும் பார்க்கிறியே, அப்புறம் என்ன?" என்பார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. அவருடைய இல்லற வாழ்க்கையில் ஜெயித்த ஒரே வாதம் அதுதான்.

சபதம் எடுத்த மறுநாள், தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். வீட்டுக் கம்ப்யூட்டரிலும், மாமனார் வீட்டுக்கு வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். படம் வரக் கூடாது, ஆனால் மிஷின் கெட்டுப்போகவும் கூடாது, அப்படி ஒரு வழி உண்டா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருதரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

வழி இருந்தது. மிஷினை எழுத்து நிலையில் தொடங்க வைக்கலாம். அதற்கு ஒரு வரி அடித்தால் போதும். அதன்பின் சுவிட்சைப் போட்டால் ஜன்னல், பொத்தான், பூப்படம் எதுவும் வராது. கறுப்புத் திரையில், யார் நீ என்கிற மாதிரி பெயரைக் கேட்டுவிட்டு ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பழையபடி படம் வேண்டுமென்றால் இன்னொரு வரி. அந்த எழுத்து நிலைக்குப் பலர் புழங்கும் நிலை என்று பெயராம். யாரும் புழங்கக் கூடாது என்பதற்காகத்தானே கேட்கிறோம் என்று கசிவு சார் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பெயர் வைத்தவன் விவரம் தெரிந்தவன் என்பது அப்போது அவருக்குப் புரியவில்லை.

இரண்டு வரிகளையும் மனப்பாடம் செய்துகொண்டார். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். சொல்லவே மாட்டேன் சார் என்றார் கடைக்காரர். தொழிற்சாலையில் ஒரு முழக் குழாயைக்கூடத் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் அவர் வெளியே அனுப்பியதில்லை. கடைக்காரரின் வாயை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.

அன்று மாலை யாரும் பார்க்காதபோது முதல் வரியை அடித்து மிஷினை அணைத்து வைத்தார். பிறகு மனைவி வந்து சுவிட்சைப் போட்டாள். திரை கறுத்தது. எழுத்துகள் சரசரவென்று ஓடின. கோடு மினுக்கியது.

"ஏங்க, இது என்னங்க இப்படி வருது?"

அவர் எழுந்து வந்தார். திரையைத் தட்டினார், பெட்டியின் முதுகைத் தடவினார், ஒரு வைத்தியரின் சோகத்தோடு உதட்டைப் பிதுக்கினார். படம் காட்டுகிற பாகம் தீய்ந்துவிட்டது, இனிமேல் எழுத்து மட்டும்தான் வரும், அந்தப் பாகம் கப்பலில் வரவேண்டும் என்றார். மாசக்கணக்கில் ஆகும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அப்படியா?" என்றாள் மனைவி. உள்ளே போய்விட்டாள்.

அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூட எந்தக் கடை, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று கேட்கிறவள், கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவர் எங்கே அதைக் கவனித்தார்? சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பனியனோடு நாற்காலியில் சாய்ந்து, காலைத் தூக்கி மேசைமேல் போட்டு, கறுப்புத் திரையைப் பார்த்தார். எத்தனை அழகான கறுப்பு. அந்த ஒரு மாலை அவர் மகாராஜா.

சனிக்கிழமை காலை கதவு தட்டும் சத்தம். பனியனோடு போய்த் திறந்தார். வாசலில் இரண்டு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், மாமியார்.

"சட்டையெல்லாம் தோய்க்கப் போட்டிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "நீங்கதான் சொன்னீங்களே, மாசக்கணக்கில் ஆகும்னு. திரையில பார்க்க முடியாதுன்னா நேர்ல வந்து பார்க்கட்டுமேன்னு கூப்பிட்டேன்" என்றாள். அவர் வாயைத் திறந்தார். ஜெயித்த ஒரே வாதத்தைத் தேடினார். அதைத் தன் கையாலேயே ஒரு வரி அடித்துக் கொன்றது நினைவுக்கு வந்தது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

கேமராவுக்கு ஒரு கோணம்தான். மாமியாருக்கு எல்லாக் கோணமும் உண்டு. விடிவதற்கு முன் தட்டில் கரண்டியால் தட்டி எழுப்பினார். அலமாரியைத் திறந்து கசிவு சாரின் கைக்குட்டைகளை மடிப்புக் கலைத்து மடித்தார். வெளியே போனால் எங்கே, திரும்பினால் ஏன் இவ்வளவு நேரம் என்று விடுதிப் பெண்ணைக் கேட்பதுபோல் கேட்டார். நாற்காலி ஜன்னலோரம் போனது. அதில் மாமியார் உட்கார்ந்தார். கசிவு சார் முக்காலிக்கு வந்தார், சட்டையோடு, மேல் பொத்தான் வரைக்கும் மாட்டி. தொழிற்சாலையில் கூடுதல் வேலை உண்டா என்று அவராகவே போய்க் கேட்டார். இல்லை என்றார்கள். குழாய்கள்கூட அந்த வாரம் ஒழுகாமல் சதி செய்தன.

அவருக்கு அழுகை வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக் கொஞ்சம் அழுதார். தண்ணீர் வீணாகிறது மாப்பிள்ளை என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

இனி கௌரவம் பார்த்துப் பயனில்லை. மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கப்பல் சீக்கிரம் வந்துவிட்டது, பாகம் கிடைத்துவிட்டது என்றார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்புளியால் திறந்து, உள்ளே தலையை விட்டு, தூசியில் நான்கு தும்மல் போட்டு, திரும்ப மூடினார். பிறகு யாருக்கும் தெரியாமல் அந்த இரண்டாவது வரியை அடித்து, மிஷினை அணைத்துப் போட்டார். வண்ணம் வந்தது. ஜன்னல் வந்தது, பொத்தான் வந்தது, பூப்படம் வந்தது.

"பாருங்க அத்தை, பளிச்சுன்னு இருக்கு. இனிமே நீங்க உங்க வீட்டில இருந்தே இவளைத் தினமும் பார்க்கலாம். பாவம், மாமா அங்கே தனியா இருக்கார்" என்றார். குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, உண்மையாகவே தழுதழுத்தது.

மாமியார் திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். நியாயம்தான் என்றார். நாளைக்கே கிளம்புகிறேன் என்றும் சொன்னார். கசிவு சார் அந்த நிமிடமே பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கிக் கதவோரம் வைத்தார். எதற்கும் மாமனாரைத் திரையில் கூப்பிட்டு ஒருதரம் பார்த்துவிடலாமே என்றாள் மனைவி. கூப்பிட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் வரவில்லை. மாமியார் செல்போனில் பேசினார். கேட்டுவிட்டு, முகம் வாடி, போனை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"அங்கேயும் தீஞ்சு போச்சாம். வெறும் எழுத்துதான் வருதாம்."

கசிவு சார் போனை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் பாதிக்கு ஓடினார். மாமனாரின் குரலை முழுசாகக் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இளமையான குரல். பின்னால் நாலைந்து ஆண்கள் சிரிக்கிற சத்தமும் சீட்டு கலைக்கிற சத்தமும் கேட்டன.

"மாமா, ஒண்ணும் தீயலை. நான் ஒரு வரி சொல்றேன், அப்படியே அடிங்க."

"அந்த வரி எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. அதுக்கு முந்தின வரியும் தெரியும்."

கசிவு சார் படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே மாமியார் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. இப்போதே அத்தையிடம் சொல்லிவிடுவேன் என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தாராளமா சொல்லுங்க. அது எப்படி உங்களுக்குத் தெரியும்னு கேட்பா. அப்போ என்ன சொல்வீங்க?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் வெட்டிய குழியில்தான் விழவேண்டியிருந்தது. கடைசியாக, இதை யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்.

"வேற யாரு, என் பொண்ணுதான். உங்க திரை கறுத்த மறுநாளே கடைக்குப் போய்க் கேட்டாளாம். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன், ஒண்ணு விடாம சொல்லியிருக்கார். உடனே எனக்குப் போன் போட்டு, 'அப்பா, அம்மா கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும், உங்களுக்கு எவ்வளவு நாள் வேணும்?'னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"நான் பேராசைக்காரன் இல்லை மாப்பிள்ளை. ஒரு வருஷம் போதும்னுட்டேன்."