தியூலிகால் குடிநீர் அலுவலகம் விழித்திருந்த மதியம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் உருப்படியாக எதையும் செய்யாமல் இருந்துவிட்டு, கட்வால் மலையில் தியூலிகால் நகரக் குடிநீர் அலுவலகத்தில், ராஜ்மா சோறு உண்ட ஒரு மதிய வேளையில், படுத்த நிலையில் பணியாற்றுவது எப்படி என்பதைக் கண்டுபிடித்தது. மற்ற அலுவலகங்களிலும் ஊழியர்கள் படுப்பதுண்டு. அங்கே அது ஒழுங்கீனம். இங்கே அது சாதனை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுற்றறிக்கையும் ஒரு பாயும்தான்.

அதற்கு முன்னால் அந்த அலுவலகம் இருளில்தான் கிடந்தது. குளிர்காலம் வந்தால் போதும், ஊழியர்கள் நாற்காலிகளை மொட்டை மாடிக்கு இழுத்துப் போட்டு, வெயில் காய்ந்தபடி மால்டா ஆரஞ்சை உரித்து உப்பில் தொட்டுத் தின்பார்கள். மாடியிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் தண்ணீர்த் தொட்டி தெரியும், தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாய் தெரியும், குழாய்க்குக் கீழே பச்சுலி தேவியின் டீக்கடையும் அவளுடைய எருமையும் கன்றும் தெரியும். எங்காவது ஒழுகினால் யாராவது ஒருவர் சுளையை மென்றுகொண்டே, “அடேய், அங்க பாரு, ஒழுகுது” என்பார். இன்னொருவர் சலித்துக்கொண்டே போய் அடைத்துவிட்டு வருவார். இப்படிப்பட்ட பொறுப்பற்ற முறையில்தான் அந்த நகரத்துக்குப் பல்லாண்டுகளாகக் குடிநீர் வழங்கப்பட்டு வந்தது.

நல்லவேளையாக மேலிடம் விழித்துக்கொண்டது. ஊழியர்களின் ‘மன அழுத்தம்’ பற்றி ஆய்வு நடத்தியதில், அழுத்தத்துக்கு முழுமுதற் காரணம் பொதுமக்கள் என்று தெரிந்தது. பொதுமக்களைக் குறைக்க விதிகளில் இடமில்லை. ஆகவே யோக நித்திரை தேர்ந்தெடுக்கப்பட்டது. கோட்பாடு, செய்முறை இரண்டிலும் அனைவரும் தேர்ச்சி பெற வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை நிரந்தரம் ஆகாது.

தகுதிகாண் பருவத்தில் இருந்தவன் அங்கே ஒருவன்தான். இளநிலைப் பொறியாளன் திரேபன் சிங் ரமோலா. அவன் வீட்டில் புதிதாக இரட்டைக் குழந்தைகள். ஒன்று அழுது முடித்துவிட்டு மற்றதிடம் முறையை ஒப்படைக்கும். அரசுத் துறையில் காணக் கிடைக்காத ஒத்துழைப்பு அது. குழந்தைகள் பிறந்ததிலிருந்து ரமோலா ஓர் இரவும் முழுதாகத் தூங்கியதில்லை.

“பாரு, படுத்தாப் போதும், வேலை பர்மனென்ட்டுன்னு சொல்றாங்க” என்று மனைவி பீனாவிடம் பெருமையாகச் சொன்னான்.

“அப்படியா?” என்றாள் பீனா, ஒரு குழந்தையைத் தோளிலும் ஒன்றை மடியிலும் வைத்துக்கொண்டு. “அந்த வேலைக்கு என்னையும் சேர்த்துக்குவாங்களான்னு கேட்டுட்டு வா.”

பயிற்சி தர ரிஷிகேசத்திலிருந்து ஆசாரிய சித்பிரகாஷ் வந்து இறங்கினார். வயது முப்பதுக்குள். கன்னத்தை ஒட்டி ஒலிவாங்கி. வெளிநாட்டுக்காரர்கள் பலரைத் தரையில் படுக்கவைத்த அனுபவம் உள்ளவர். தொட்டில் ஆட்டுகிறவர்களுக்கே உரிய குரல்.

“யோக நித்திரைன்னா தூக்கம் இல்ல” என்று கோட்பாட்டு வகுப்பைத் தொடங்கினார். “முழிப்பும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வாசப்படி. உடம்பு தூங்கும், நீங்க தூங்க மாட்டீங்க. சுத்தி நடக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனா எதுவும் செய்ய மாட்டீங்க.”

நிர்வாகப் பொறியாளர் ஹர்ஷ்வர்தன் டங்வாலுக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆசாரியஜி, சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேர்ந்து நான் இதைத்தான் பண்ணிட்டிருக்கேன். பேருதான் தெரியாம இருந்துச்சு.”

“போன ஜன்மத்துப் பயிற்சி” என்றார் ஆசாரியர், வணங்கி.

தலைமை எழுத்தர் மாயாதத் படோலா கையைத் தூக்கினார். “இது லீவுல சேருமா, டியூட்டியில சேருமா?”

“டியூட்டிதான்” என்றார் டங்வால். “இனிமே நிக்கிறவன்தான் லீவு எழுதிக் குடுக்கணும்.”

கோட்பாட்டுத் தேர்வில் ரமோலாதான் முதலிடம். சங்கல்பம் என்றால் என்ன, உடலின் ஒவ்வோர் உறுப்பாக நினைவைச் சுற்றிவரச் செய்வது எதற்கு, கனமும் லேசும் வெப்பமும் குளிரும் மாறிமாறி உணர்வது எப்படி, எல்லாவற்றையும் ஒப்பித்தான். வினை செய்முறையில் இருந்தது. எல்லோரும் படுத்து, போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, “நான் தூங்க மாட்டேன், விழிப்போடு இருப்பேன்” என்று மனதுக்குள் மூன்று முறை சொல்ல வேண்டும். ரமோலா இரண்டு முறை சொல்லியிருக்கிறான். மூன்றாவது முறை சொன்னதாக அவனுக்கு நினைவே இல்லை.

“வலது கைக் கட்டைவிரல்...” என்று ஆசாரியர் தொடங்குவார். “ஆள்காட்டி விரல்...”

அதற்குள் கூடத்தின் மூலையிலிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்கும்.

“சார், நான் நடுவிரல் வரைக்கும் போயிருந்தேன்” என்று படோலா பிறகு முறையிட்டார். “இவன் குறட்டையில திரும்பி வந்துட்டேன். நாளைக்கு மறுபடியும் கட்டைவிரல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“ஏம்ப்பா ரமோலா, ஆபீஸ்ல தூங்குறியே, வெக்கமா இல்ல?” என்றார் டங்வால், போர்வையை மடித்தபடி. “எங்களைப் பாரு. ஒருத்தராவது தூங்கினோமா? சும்மா படுத்திருந்தோம்.”

ரமோலாவுக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

புகார்த் தொலைபேசி ஒரு சிக்கலாயிற்று. அதை அணைத்துவைக்கக் கூடாது என்று தெளிவான உத்தரவு. எடுத்துப் பேச வேண்டும் என்று உத்தரவு இருக்கிறதா என்று படோலா கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் மணி அடித்தால் தியானம் கலையுமே என்று டங்வால் கவலைப்பட்டபோது ஆசாரியர் புன்னகைத்தார்.

“அடிக்கட்டும், சார். முதல் கட்டமே வெளிச்சத்தம் கேக்குறதுதானே? ஒரு சத்தத்துல நினைவை வைங்க, அப்புறம் அடுத்த சத்தத்துக்குப் போங்க. எது என்ன, எதுக்குன்னு ஆராயாதீங்க. சாட்சியா இருங்க. நீங்க குடுத்துவச்சவங்க. எங்க ஆசிரமத்துல இதுக்காகக் காசு போட்டு மணி வாங்கி வச்சிருக்கோம்.”

அன்றிலிருந்து தியூலிகால் மக்கள் தங்களை அறியாமலே ஆன்மிகத் தொண்டு செய்யத் தொடங்கினார்கள். தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் அழைப்பார்; கூடத்தில் சாதகர்கள் ஒரு படி மேலே போவார்கள்.

இந்தக் காலத்தில்தான் ஒரு மதியம் பச்சுலி தேவி அலுவலகத்துக்கு வந்தாள். யாரும் இருக்கையில் இல்லை. கூடத்தின் சன்னலில் எட்டிப் பார்த்தவள், போர்வை போர்த்திய உடல்கள் வரிசையாகக் கிடப்பதைக் கண்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கோடியில் ஒரு போர்வை எழுந்து உட்கார்ந்தது. குறட்டைக்காக ஆசாரியர் கிள்ளிவிட்டிருந்ததால் ரமோலாவுக்கு அப்போதுதான் விழிப்பு வந்திருந்தது. வெளியே ஓடி வந்தான்.

“என்னாச்சு தம்பி? விஷச் சாராயமா?” என்றாள் பச்சுலி தேவி.

“ஐயோ தீதி, மெதுவா. பயிற்சி நடக்குது.”

“செத்துப் போறதுக்கா பயிற்சி? சரி, அது உங்க பாடு. எங்க கடைக்கு மேல அந்தப் பெரிய குழாய் இருக்குல்ல, அதோட மூட்டு ஒழுகுது. முந்தியெல்லாம் மாடியில உக்காந்திருப்பீங்க, நான் கரண்டியை ஆட்டினா யாராச்சும் வருவீங்க. இப்ப கரண்டியை ஆட்டி ஆட்டி என் கைதான் வலிக்குது. ஒரு நாள் அது பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா, நான், மருமக, எருமை எல்லாரும் நேரா கங்கையிலதான். அப்புறம் சாம்பல் கரைக்கிற செலவுகூட இல்ல.”

ரமோலா உடனே டங்வாலிடம் போனான். டங்வால் அப்போதுதான் பயிற்சி முடிந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“சார், மூட்டு ஒழுகுதாம்.”

“ஒழுகட்டும். கவனி. தீர்ப்புச் சொல்லாதே.”

“இன்னிக்கே ஆள் விட்டு மாத்திடலாம் சார்.”

“ரமோலா, உனக்கு ஏன் சான்றிதழ் கிடைக்காதுன்னு இப்பத் தெரியுதா? ஒழுகுறது குழாய். பதறுறது நீ. முகாம் முடியட்டும், பாப்போம். அதுவரைக்கும் உன் குறட்டையைப் பாரு.”

ரமோலாவுக்கு இதில் எங்கோ தப்பு இருப்பதாகப் பட்டது. ஆனால் வேலை நிரந்தரமாகாதவனுக்கு அப்படியெல்லாம் படக் கூடாது. இரட்டைக் குழந்தைகளின் முகத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். அதற்காக அவன் பிற்பாடு தன்னையே எவ்வளவு திட்டிக்கொண்டான் என்பது அவனுக்கும் பீனாவுக்கும் மட்டும் தெரியும்.

மதிப்பீட்டு நாள் வந்தது. ஆசாரியர் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் நின்று ஆழத்தைக் கணிப்பார். ரமோலா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தான். சட்டைப்பையில் பச்சை மிளகாய். தூக்கம் வந்தால் கடித்துக்கொள்ளலாம் என்று பீனா கொடுத்து அனுப்பியது. ‘குறட்டை விட மாட்டேன்’ என்று சங்கல்பம் எடுத்துக்கொண்டான். வலது கைக் கட்டைவிரல் என்றார் ஆசாரியர். மிளகாயைத் தேடிப் போன கை பாதி வழியிலேயே தூங்கிவிட்டது.

புகார்த் தொலைபேசி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. கூடத்தில் ஒரு போர்வையும் அசையவில்லை. ஆசாரியர் பரவசமானார். “சத்தத்தைக் கேளுங்க... ஒட்டிக்காதீங்க... அடுத்த சத்தத்துக்குப் போங்க...” என்றார். தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்ச் சரிவிலிருந்து வேறு சத்தங்களும் வந்தன. சாதகர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போனார்கள்.

நெடுநேரம் கழித்து ரமோலா தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். வீட்டில் குழந்தை அழுகிறது என்று நினைத்துத்தான் எழுந்தான். எழுந்த வேகத்தில் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தான். மறுகணம் வால்வு திருப்பும் கம்பியைத் தூக்கிக்கொண்டு, போர்வை காலில் சுற்ற, செருப்பில்லாமல் சரிவில் ஓடினான். பின்னால் ஆசாரியரின் குரல் கேட்டது: “ஒரு சாதகர் விழுந்துட்டார். மத்தவங்க கலங்க வேண்டாம்.”

தொட்டியின் வால்வை அவன் இறுக்கி மூடியபோது டீக்கடை இருந்த இடத்தில் அடுப்பு இல்லை, பெஞ்சு இல்லை, பின்சுவர் இல்லை. பச்சுலி தேவியும் மருமகளும் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எருமை கழுத்தளவு சேற்றில் உயிரோடு இருந்தது. கன்று இல்லை. பச்சுலி தேவி அவன் போர்வையை வாங்கி மருமகளுக்குப் போர்த்திவிட்டு, கன்று கட்டியிருந்த முளை இருந்த பக்கம் பார்த்து அழுதாள். ரமோலாவும் அழுதான்.

இவ்வளவு பெரிய விஷயத்தை அரசு சும்மா விடுமா? ‘பணி நேரத்தில் உறக்கம்’ என்ற கடுமையான குற்றச்சாட்டின் பேரில் மாவட்டத்திலிருந்து நைத்தானி என்ற விசாரணை அதிகாரி வந்தார். பச்சுலி தேவியும் சாட்சியாக அழைக்கப்பட்டு ஒரு முக்காலியில் உட்காரவைக்கப்பட்டாள்.

“சம்பவத்தப்போ தூங்கிட்டிருந்தது யாரு?” என்றார் நைத்தானி.

ஆசாரியர் சான்றிதழ்க் கட்டை முன்னால் வைத்தார். “இவங்க எல்லாரும் முழு விழிப்புல இருந்தாங்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தூங்கினது இந்த ரமோலா மட்டும்தான்.”

“நீ என்ன சொல்ற?”

“சார், நான் முழிச்சு, ஓடிப்போய் வால்வை மூடினேன்” என்றான் ரமோலா.

“முழிச்சே?”

“ஆமா சார், முழிச்ச உடனே...”

“எழுதிக்கோங்க” என்று நைத்தானி தம்முடன் வந்த எழுத்தரைப் பார்த்தார். “‘தாம் கண்விழித்ததாகத் தாமே ஒப்புக்கொள்கிறார். உறங்காத ஒருவர் கண்விழிக்க இயலாது. ஆகவே உறங்கினார் என்பது ஐயமற நிறுவப்படுகிறது. பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’ மத்தவங்க யாராவது முழிச்சீங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல சார்” என்றார் படோலா பெருமிதத்தோடு.

குழந்தைகளுக்குப் பால்மாவு வாங்க வேண்டும் என்பது ரமோலாவுக்கு ஏனோ அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது.

முறைப்படி டங்வாலின் வாக்குமூலமும் கேட்கப்பட்டது. அவர் கண்களை மூடிக்கொண்டு, அந்த அனுபவத்துக்கே திரும்பிப் போய்ச் சொன்னார்.

“முதல்ல மணிச் சத்தம் கேட்டுச்சு சார். தெளிவா. ரொம்ப நேரம். அப்புறம் அந்தச் சரிவுல ஒரு பொம்பளை கூப்பிடுற சத்தம். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அதுக்கும் பின்னால தண்ணி விழுற சத்தம். எருமைக்கன்னு ஒண்ணு கத்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு, நின்னுச்சு. எதுலயும் நான் ஒட்டிக்கல. அப்படி ஒரு அமைதியை நான் வாழ்க்கையில அனுபவிச்சதே இல்ல.”

ஆசாரியர் கைகூப்பினார். நைத்தானியே தம் அலுவலகத்துக்கும் இந்த முகாமை ஏற்பாடு செய்ய முடியுமா என்று விசாரித்தார். பிறகு கடமை நினைவுக்கு வந்து, முக்காலிப் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இவங்க யாரும் தூங்கலன்னு இப்ப உனக்கும் தெளிவாயிடுச்சுல்ல? வேற ஏதாவது சொல்லணுமா?”

பச்சுலி தேவி எழுந்து டங்வாலின் முகத்தையே பார்த்தாள்.

“ஆபீஸ்காரங்க, சாப்பிட்டுட்டு அசந்து தூங்கியிருப்பாங்க, மனுசங்கதானேன்னு நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன், சார். முழிச்சா இருந்தீங்க?”