பட்டு நூலில் கோத்த படிக மாலை

ஆவணி முடிவை நெருங்கியிருந்தது. செஞ்சியில் இராசகிரி மலையின் உச்சியில் வந்து தங்கிய கருமுகில், பொழிவதா கடந்து போவதா என்று துணியாமல் நின்றது. பாறைகள் நனையாமலே கறுத்திருந்தன. புல்லின் நுனியில் புழுவும் சுவரின் ஓரத்தில் எறும்பும் தத்தம் வழியே ஊர்ந்தன. மண்ணெங்கும் சிற்றுயிர் பெருகும் காலமாதலால், அருகனைத் தொழும் குடும்பத்தார் அடி பார்த்து நடந்து, உணவு சுருக்கி, சொல் அடக்கி நோன்பிருக்கும் காலமும் அதுவே.

அந்த அமைதி பார்த்திபனுக்கு வாய்க்கவில்லை.

செம்புக் கம்பியை வளைத்து, அதனுள் வண்ணக் கற்களைப் பொதிந்து, தோடும் பதக்கமும் மாலையும் செய்து கைவினைச் சந்தைகளில் விற்பவன் அவன். செஞ்சியில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த சந்தையில், மேல்சித்தாமூர் நேமிகுமார் அவன் கடைமுன் நின்று, மேசைமேல் கிடந்த நூற்கண்டைத் தொட்டார்.

“இது இன்னா நூலு தம்பி, இப்படி மின்னுது?”

“பட்டுண்ணே. கல்லுல தொள போட்ட ஓரம் கத்தி மாதிரி இருக்கும். பருத்தின்னா அறுத்துடும்.”

நேமிகுமார் விரலை எடுத்துக்கொண்டார். கூட்டுப்புழுவை வெந்நீரில் கொன்று எடுப்பது பட்டு என்றும், சமணராகிய தங்கள் வீட்டில் அது ஆகாது என்றும் மென்மையாகச் சொன்னார்.

“போன சந்தையில எங்க அம்மா உன்கிட்ட வாங்கினாங்களே ஒரு மால, அது வேற நூல்தானே?”

“ஆமாண்ணே,” என்றது பார்த்திபனின் வாய். அதற்கு அவன் அனுமதி தந்திருக்கவில்லை.

அன்று சந்தை முடியும் நேரத்தில் நேமிகுமாரின் தாய் அனந்தமதி அம்மாள், மந்திரம் எண்ண முத்தும் பவளமும் இல்லாத மாலை கேட்டிருந்தார். அவை கடலுயிர்களிடமிருந்து வருபவை. அவன் அங்கேயே உட்கார்ந்து படிகக் கற்களால் மாலை செய்தான். ஆனால் வழக்கம்போலப் பட்டு நூலில் கோத்தான். நூலைப் பற்றி அவன் எண்ணவே இல்லை.

நேமிகுமார் மேலும் சொன்னார். அம்மாள் இப்போது நோன்பில் இருக்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் உணவு. பேச்சு அறவே இல்லை. சென்ற ஆண்டு பாலில் ஓர் எறும்பு செத்துக் கிடந்தது என்பதற்காக, முடியவிருந்த நோன்பை முதலிலிருந்து தொடங்கிவிட்டார். இன்னொரு முறை அப்படிச் செய்தால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார்.

வீட்டில் அவன் மனைவி அமலா, போய் உண்மையைச் சொல்லிவிடும்படி கூறினாள்.

“சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து பட்டினி கெடப்பாங்க. அவங்களுக்கு எதுனா ஆயிடுச்சுன்னா?”

“சொல்லலன்னா?”

“புழுவக் கொன்ன நூல உருட்டி சாமி கும்பிட்ட பாவம் அவங்களுக்கு. குடுத்த பாவம் எனக்கு.”

“ரெண்டு ஆச்சா? நீ அத கொறைக்கப் போயி மூணாக்கிட்டு வருவ,” என்றாள் அமலா.

மறுநாள் மேல்சித்தாமூருக்குப் போனான். மாலையின் கம்பிமுடிச்சு தளர்ந்திருக்கும், தந்தால் இறுக்கித் தருகிறேன் என்று கூறினான். கூடத்தில் அமர்ந்திருந்த அனந்தமதி அம்மாளின் கன்னங்கள் வற்றியிருந்தன. கழுத்து எலும்புகள் தெரிந்தன. பேசாமல் கையசைத்து, வேண்டாம் என்றார். பிறகு புன்னகைத்தார். மாலையைப் பிரிய மனமில்லை என்று அவன் பொருள் கொண்டான். அப்புன்னகை அவனுக்குக் கூற்றுவன் அனுப்பிய ஓலையாகப் பட்டது.

வெளியே வந்தபோது கூடத்துச் சன்னல் விளிம்பில் மாலை இருப்பதைக் கண்டான். அதேபோல் இன்னொன்று செய்து வைத்துவிட்டால்?

வீடு திரும்பி, படிகம் அறுக்காதபடி பருத்தி நூலுக்கு மெழுகு தீட்டி உரமேற்றி, இரட்டைப் பிறவிபோல் ஒரு மாலை கோத்தான். மறுநாள் போய்ச் சன்னல் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து, புதியதை வைத்துப் பழையதை எடுத்தான். பேருந்தில் ஏறி முகத்தைத் துடைத்துக்கொண்டபோதுதான் விரல்களில் ஒரு மணம் வந்தது.

தேன். அவன் தீட்டியது தேன்மெழுகு. கூட்டைப் பிழிந்து, தேனீக்களைத் துரத்தி எடுப்பது. புழுவை வெளியே எடுத்து, அவ்விடத்தில் ஒரு தேன்கூட்டையே குடியேற்றிவிட்டு வந்திருக்கிறான்.

“மூணு,” என்றாள் அமலா.

அடுத்த நாள் நோன்பு நிறைவு. மெழுகு மாலையை அகற்றிவிட எண்ணி, விடிந்தும் விடியாமல் ஓடி, மீண்டும் சன்னலுக்குள் கையை விட்டான். மாலையை வெளியே எடுத்துவிட்டான். அப்போது பின்னால் நேமிகுமாரின் மனைவி பிரம்மியின் குரல் கேட்டது.

“இன்னா தம்பி, தெனமும் வந்து எங்க சன்னலத் தடவிட்டுப் போற?”

“நூலு உறுதியா இருக்குதான்னு பாக்கறேன்க்கா,” என்று கூறி, அதை மெய்ப்பிக்க மாலையை ஓர் இழுப்பு இழுத்தான்.

மெழுகு தீட்டியும் பயனில்லை. படிகம் நூலை அறுத்தது. மணிகள் முற்றமெங்கும் சிதறி உருண்டன. பொறுக்கக் காலெடுத்தவனைப் பிரம்மியின் குரல் நிறுத்தியது.

“கால வைக்காத. கீழ எறும்பு போவுது. ஒண்ணு செத்தாலும் அத்தை திரும்பவும் ஆரம்பிச்சுடுவாங்க.”

தூக்கிய காலைத் தூக்கியபடியே அவன் நின்றான். அதன் கீழே, முட்டைகளைச் சுமந்த எறும்புச் சாரை நீண்டுகொண்டே போயிற்று. அவற்றுக்கு அவசரம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டான். அந்நிலையில் அனந்தமதி அம்மாள் வாசலுக்கு வந்தார்.

இதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. ஒற்றைக்காலில் நின்றபடியே பட்டு, பொய், மெழுகு என அனைத்தையும் ஒப்புவித்தான். குற்றம் தன்னுடையது, அதற்காக அம்மாள் உயிரை விடக் கூடாது என்று அழுதான்.

அம்மாள் பூசையறைக்குள் திரும்பினார். அருகன் திருவுருவின்முன் விளக்கைத் தூண்டி, மணைமேல் ஒரு பிடி அரிசியைப் பரப்பி, கைகூப்பினார். உதடுகள் மட்டும் அசைந்தன. முற்றத்தில் எறும்புகள் கடந்து முடிந்தன. பார்த்திபன் காலை ஊன்றினான்.

மௌனம் முடித்து வெளியே வந்த அம்மாளின் முதற்சொல் கரகரத்து ஒலித்தது.

“பட்டுன்னு வாங்கும்போதே தெரியும்பா. அதான் வந்த அன்னைக்கே சன்னல்ல வெச்சுட்டேன், அப்புறம் தொடவே இல்ல. நான் மந்திரம் எண்றது எப்பவும் விரல்லதான்.”

“அப்ப ஏம்மா வாங்கினீங்க?”

“சந்த முடியிற வரைக்கும் ஒண்ணும் விக்காம நொந்து உக்காந்திருந்தியே. நீயும் ஒரு உயிர்தானேப்பா. நல்லா இரு.”