கிள்ளான் தெருவில் ஓடிய என் வேண்டுதல்

வேண்டுதல் வைப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. சாட்சி கிடையாது. ஆபத்து நேரத்தில் நூற்றெட்டுத் தேங்காய் என்போம். ஆபத்து விலகிய மறுநாள் அது பதினொன்றாகும். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள், 'முருகா, ஒன்றானாலும் மனசார உடைக்கிறேன்' என்று முடிந்துவிடும். அவரும் பெரிய மனசுக்காரர். யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. (என்னை மட்டும் விசாரித்தார். அதுவும் தெருவில் வைத்து.)

நான் அதிகம் படித்தவன் இல்லை. ஃபாரம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என் மனைவி கௌரியின் அண்ணன் சந்திரன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைக் கடை என்று சொல்ல அவருக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது. நான் அவருக்கு வேன் ஓட்டினேன். பெட்டி ஏற்றுவேன், பெட்டி இறக்குவேன், இறக்கிய பெட்டிக்கு விபூதி வைப்பேன். பெட்டிக்குள்ளே இருப்பது மச்சானின் இலாகா.

மச்சானைப் பற்றிச் சொன்னால் முடியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சுருள் சுருளாக, நெற்றியில் ஓர் அலை அடித்து, காதோரம் கிருதாவாக இறங்கும் முடி. காலையில் சாமி கும்பிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் அவருக்குக் கண்ணாடி முன்னால் ஆகும். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. "எங்க அண்ணன் பொண்ணு பாக்கப் போனா, முதல்ல முடிதான் உள்ள போகும், அப்புறம்தான் அவரு" என்பாள் கௌரி.

கிள்ளானில் ஒரு துணிக்கடை. அதன் முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரிலிருந்து வந்து வேரூன்றிய குடும்பம். தீபாவளிக்குச் சேலை என்றால் சிலாங்கூர் மாநிலத்தில் பாதி அந்தக் கடைக்குத்தான் வரும். அவர் மாடி அறையில் மச்சான் நான்கு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். முதலாவது கீழே பில் போடும் கவுண்டர்களைத் திறந்துவிடும். ஒன்று சரக்கு, ஒன்று கணக்கு. நாலாவது, கடை வாசலுக்கு மேலே சிவப்பு எழுத்து ஓடும் மின்பலகைக்கு. நான்குக்கும் சேர்த்து ஒரே ஸ்க்ரீன், ஒரே கீபோர்டு, ஒரே மௌஸ். நடுவில் செங்கல் அளவில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதில் எண்ணை அழுத்தினால் அந்தந்தக் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனுக்கு வரும். ஒரே மாப்பிள்ளை நான்கு வீட்டுக்கு விருந்துக்குப் போவது மாதிரி.

தீபாவளிக்கு முந்திய வாரம் அந்தப் பெட்டி மக்கர் செய்தது. ஒரு கம்ப்யூட்டரில் போய் நின்றால் நின்றதுதான். ஞாயிறு காலை பில் கவுண்டர்களைத் திறக்க முடியாமல் கையால் எழுதினார்கள். ஹாஜியார் சத்தமில்லாமல் பேசுகிறவர். அதனால்தான் பயம். "சாயந்தரக் கூட்டத்துக்கு முன்னால சரியாகணும் தம்பி. ஆகலேன்னா எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்று மச்சானிடம் போனில் சொல்லிவிட்டார். கழற்றி எடுத்து வந்தால் மச்சானுடைய கடை அதோடு முடிந்தது. அவர் போட்டிருந்த பணமெல்லாம் அந்த நான்கு கம்ப்யூட்டரில்தான். கடை முடிந்தால் என் வேனும் முடிந்தது.

பெட்டியை விற்றவர்கள் ஒரு டிஸ்க் அனுப்பியிருந்தார்கள். அதைப் போட்டால் சரியாகிவிடுமாம். ஆனால் அன்றைக்குத்தான் மச்சான் செமினிக்குப் பெண் பார்க்கப் போகிறார். தள்ளிப்போட முடியாது. முடியும் தயாராகிவிட்டது.

"மாப்ள, நீ போ. ஈசிதான் லா. ஃபர்ம்வேர்னா பெட்டிக்குள்ள இருக்கிற புத்தி. பழைய புத்திய எடுத்துட்டுப் புதுப் புத்தி வைக்கிறோம்."

"எடுத்ததுக்கும் வைக்கிறதுக்கும் நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் தெரியாமக் கிடக்கும். அப்ப கரண்ட மட்டும் நிறுத்திராத. நிறுத்துனா அது செங்கல்தான்."

"எவ்ளோ நேரம் கிடக்கும் மச்சான்?"

"முடியிற வரைக்கும்."

இதைவிடத் தெளிவாக எந்தக் குருவும் எனக்குச் சொன்னதில்லை.

மதியத்துக்குமேல் கிள்ளானுக்குப் போனேன். பெட்டி சிக்கி நின்ற கணக்குக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போட்டு, அதிலிருந்து பெட்டிக்குக் கேபிள் கொடுத்து, மச்சான் எழுதிக் கொடுத்ததைத் தட்டினேன். ஸ்க்ரீனில் ஒரு கோடு ஊர்ந்து ஊர்ந்து வளர்ந்தது. பாதி வழியில் ஸ்க்ரீன் கறுத்துப்போனது.

பெட்டியில் நான்கு சின்னப் பச்சை விளக்குகள் மட்டும் ஒன்று மாற்றி ஒன்று கண் சிமிட்டின. நான் காத்திருந்தேன். மச்சானுக்குப் போன் போட்டேன். பெண் வீட்டில் மரியாதைக்காக அணைத்து வைத்திருப்பார் போல, கிடைக்கவில்லை.

வெளியே மழை பிடித்தது. கிள்ளான் மழைக்கு அவசரமே கிடையாது. உட்கார்ந்து பேசிவிட்டுப் போக வந்த உறவுக்காரர் மாதிரி பெய்யும். அறைக்குள் ஏர்கண்டிஷன் குளிர். கீழேயிருந்து புதுச்சேலை வாசம் மாடிப்படி ஏறி வந்தது. பச்சை விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போய்த் திரும்பி வந்தன, பிரகாரம் சுற்றுவதுபோல. அறை மெல்ல மெல்ல மிதக்கத் தொடங்கியது. தூக்கம் என்று சொல்ல மாட்டேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நான் அங்கே முழுசாக இல்லை.

பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. தினமும் காலையில் 'ஓம் முருகா' என்று ஒரு பக்கம் எழுதுவது என் வழக்கம். எழுதினால் மனசு அடங்கும். அன்று பேனாகூட இல்லை. எதிரே கீபோர்டு இருந்தது. ஸ்க்ரீன் செத்துக் கிடக்கிறது. இதில் தட்டினால் யார் படிக்கப் போகிறார்கள், முருகனைத் தவிர? இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால், 'ஓம் முருகா' என்று தட்டினேன். வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போக வேண்டுமல்லவா, என்டரை அழுத்தினேன். மறுபடி ஓம் முருகா. மறுபடி என்டர்.

அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. தாளில்லை, மையில்லை, எழுத்துகூட இல்லை. ஒவ்வொரு வரியும் விரலை விட்டுக் கிளம்பி இருட்டுக்குள் போயிற்று, ஆற்றில் விட்ட அகல்விளக்கு மாதிரி. தட்டுகிற சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகிவிட்டன. எங்கோ ஒரு மலைப்படியில் உட்கார்ந்து அவரோடு தனியாகப் பேசுவதுபோல இருந்தது. ஜெபத்தை விட்டுவிட்டுப் பேசவே தொடங்கிவிட்டேன்.

'முருகா, ஸ்க்ரீனைக் கொடு.' என்டர். 'கூட்டம் வருவதற்குள் கொடு.' என்டர். விளக்குகள் சிமிட்டின. ஸ்க்ரீன் வரவில்லை. 'பதினொரு தேங்காய்.' வரவில்லை. 'பால்குடம்.' வரவில்லை. மொட்டைதான் போடவேண்டும் என்று தெரிந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். கௌரிக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோதே என் தலையை நேர்ந்தாயிற்று. தைப்பூசத்துக்கு இறக்க வேண்டிய தலை. ஒரே தலையை இரண்டு காரியத்துக்குக் காட்டினால் அது ஏமாற்று வேலை. முருகனிடம் நான் நேர்மையாகவே இருந்தேன்.

'என் தலை ஏற்கெனவே கௌரி காய்ச்சலுக்குப் போய்விட்டது. அதனால் மச்சான் தலையைத் தருகிறேன்.' என்டர். எந்த மச்சான் என்று அவருக்குக் குழப்பம் வரக்கூடாதே. 'பிரிக்பீல்ட்ஸ் சுருட்டை முடி சந்திரன்.' என்டர். 'முழுசாக எடுத்துக்கொள். கிருதாவும் சேர்த்து.' என்டர்.

ஒரு பெரிய நிம்மதி. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். எதிரே நகைக்கடையின் கண்ணாடிக் கதவு மழையில் நனைந்து மின்னியது. அதற்குள்ளே சிவப்பாக எழுத்துகள், வலமிடம் மாறி, எனக்குத் தெரியாத ஏதோ பாஷையில், மெதுவாக நீந்திப் போயின. ஆஹா, பதில் வருகிறது என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். தெரு முழுக்கக் குடைகள். ஒன்றும் நகரவில்லை. எல்லாக் குடையும் பின்னால் சாய்ந்திருந்தது. எல்லா முகமும் என் பக்கம் நிமிர்ந்திருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டேன்.

கீழே முப்பது நாற்பது பேர் திருப்பிக் கும்பிட்டார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

தெய்வீகத்தில் விசில் எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கவுண்டரில் உட்காரும் லெட்சுமி அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"தம்பி, கீபோர்ட விட்டுத் தள்ளி நில்லு."

"என்னாக்கா?"

"என்னாவா? காலையில நான் 'தீபாவளிச் சிறப்புத் தள்ளுபடி'ன்னு அடிச்சு விட்டேன். இப்ப போர்டுல சந்திரனுக்கு மொட்டைன்னு ஓடுது. எதிர்க்கடைச் சீனர் அங்கிள் பக்கத்து ஆள்கிட்ட மலாய்ல அர்த்தம் கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

நான் நம்பவில்லை. ஸ்க்ரீனே இல்லாமல் எப்படி என்று வாதாடினேன். அப்போது பச்சை விளக்குகள் நான்கும் ஒன்றாக நின்றன. ஸ்க்ரீன் ஒரு தடவை மினுக்கிவிட்டு வந்தது. வந்தது கணக்குக் கம்ப்யூட்டர் இல்லை, நாலாவது. அதில் மேலிருந்து கீழ்வரை, ஒரு எழுத்துப் பிழைகூடத் தப்பாமல், என் வேண்டுதல்.

பெட்டி, புத்தி மாறுகிற நேரத்தில் படத்தை மட்டும் விட்டுவிட்டு, கீபோர்டைக் கொண்டுபோய் மின்பலகைக் கம்ப்யூட்டரில் ஒட்டிவிட்டிருந்தது. நான் ஒவ்வொரு என்டருக்கும் ஒரு வரியைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹாஜியார் பின்னாலேயே வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கடைசி வரிவரைக்கும் படித்தார். அவர் கடை வாசலில் அவரைக் கேட்காமல் நான் பூஜையே நடத்தியிருக்கிறேன்.

"ஹாஜியார், மன்னிச்சிருங்க. தெரியாம..."

"சாமி பேரு ஓடுனதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. மழைக்கு ஒதுங்குன கூட்டம் பூரா மொட்டை என்னாச்சுன்னு கேக்க உள்ள வந்துருச்சு. முதல்ல கவுண்டரத் திற." படியிறங்கப் போனவர் திரும்பினார். "பெட்டி வந்துருச்சுல்ல? அப்ப அந்த ஆளு தலை உறுதிதானே? கீழ கேட்டா நான் என்னா சொல்றது?"

பெட்டியில் ஒன்றை அழுத்தினேன். முதல் கம்ப்யூட்டர் கன்றுக்குட்டி மாதிரி ஓடிவந்தது. கவுண்டர்கள் திறந்தன. கடை பிழைத்தது, மச்சான் பிழைத்தார், வேனும் பிழைத்தது. ஆனால் பழைய வரிகளை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. கவுண்டருக்கு ஓடிய லெட்சுமி அக்கா திரும்பி வந்து நிறுத்துவதற்குள் மச்சான் செமினியிலிருந்து நேராக வந்து சேர்ந்துவிட்டார். நனையாமல் இருக்கத் தலைக்குமேல் பத்திரிகை பிடித்திருந்தார். அதுதான் தப்பாகிவிட்டது. பத்திரிகைக்கு வெளியே சுருள் எட்டிப் பார்த்தது.

"மாப்ள," என்றார் மாடியில் வந்து. "தெருவுல ஒரு அம்மா என்னைய நிறுத்தி, நீதானா சந்திரன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். 'நல்லா இருப்பா'ன்னு தலையத் தடவிட்டுப் போவுது. என்னா செஞ்ச நீ?"

ஸ்க்ரீனைக் காட்டினேன். படித்தார். கிருதா வரியில் நாற்காலியைத் தேடினார்.

அன்று வீட்டில் வழக்கு நடந்தது. "வேண்டுனது இவரு. என் தலைய நேர்ந்துக்க இவருக்கு யாரு அதிகாரம் குடுத்தா?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. கௌரி சோறு போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"கடை யாருது அண்ணே?"

"என்னோடது."

"பெட்டி வந்துச்சா?"

"வந்துச்சு."

"மனசுக்குள்ள வேண்டியிருந்தா பேசிப் பாக்கலாம். ஊரே படிச்சிருச்சு. சாமிக்குப் பதில் சொல்லலாம், லெட்சுமி அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

தைப்பூசத்தில் பத்துமலை முருகன் கோயிலில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் தலை சீக்கிரம் முடிந்தது. மச்சான் தலைக்கு நாவிதர் இரண்டு தடவை பிளேடு மாற்றினார். மச்சான் கண்ணை மூடியிருந்தார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

நிச்சயத்துக்கு நாங்கள் செமினிக்குப் போனபோது அந்தத் தலையில் சந்தனம்தான் மினுங்கியது. பெண்ணின் அப்பா மரியாதையாக, "நேர்த்திக்கடனா தம்பி? யாருக்காவது முடியாம இருந்துச்சா?" என்று விசாரித்தார்.

"இல்லங்க. ஒரு சுவிட்ச் பெட்டிக்கு."

உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து அடங்காத சிரிப்பு. அது கல்யாணப் பெண். அன்றிலிருந்து இன்றுவரை என் மச்சான் மனைவி அந்தச் சிரிப்பை முழுசாக நிறுத்தியதில்லை.

முடி வளர்ந்தது. ஆனாலும் பல வருஷம், எங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆப்பரேஷன், பரீட்சை, பிரசவம் என்றால் முதல் போன் மச்சானிடமிருந்துதான் வரும். "எல்லாம் நல்லபடியா நடக்கும். என்னையக் கேக்காம யாரும் எதுவும் நேர்ந்துக்காதீங்க." வைத்துவிடுவார்.

இப்போது மச்சானுக்கு நல்ல வழுக்கை. மனுஷர் அடியோடு மாறிவிட்டார். போன வருஷம் என் இளைய மகள் பெரிய பரீட்சைக்குப் போனபோது, வீடு தேடி வந்து அவள் முன்னால் தலையைக் குனிந்து காட்டினார்.

"எல்லாப் பேப்பருக்கும் மாமா தலையவே நேர்ந்துக்கோமா. தாராளமா."

மகள் அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்ல மாமா," என்றாள். "நான் படிச்சுட்டேன்."